மார்க் போடும் கை

'ரூப்ரிக்' என்ற சொல்லுக்கு மூலம் சிவப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். இடைக்கால ஐரோப்பாவின் வழிபாட்டு நூல்களில் ஓதவேண்டிய வாசகம் கறுப்பு மையிலும், எப்போது என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை சிவப்பு மையிலும் எழுதப்பட்டன. சபையின் காதில் விழுவது கறுப்பெழுத்து. சிவப்பெழுத்து குருவின் கண்ணுக்கு மட்டும். இன்று கல்வியியலில் இச்சொல், மாணவரின் வேலையைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எந்தத் தரத்துக்கு எத்தனை மார்க் என்று கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையைக் குறிக்கிறது. நடுநிலையின் கருவியாக இதை முன்வைக்கிறார்கள். அதன் வரலாற்றைத் தோண்டினால் அகப்படுவது நடுநிலை அல்ல, ஒரு சண்டை.

1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு வந்த மார்க்குகளில் முப்பதுக்கும் மேலான வித்தியாசம். மொழிப்பாடம்னா அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிடலாமா? 1913இல் வடிவகணிதத் தாளை அனுப்பினார்கள். மார்க் 28இலிருந்து 92 வரை போனது. வாத்தியார் போட்டதுதான் மார்க் என்ற அதிகாரம் எண்களிலேயே அம்பலமானது.

1961இல் பால் டீடரிக் தன் கூட்டாளிகள் இருவருடன் இந்தச் சண்டையைத் திட்டமிட்டே மூட்டிவிட்டார். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள். வாசகர்கள் 53 பேர்: மூன்று துறைகளின் ஆசிரியர்கள், எழுத்தாளர்களும் பத்திரிகை ஆசிரியர்களும், வழக்கறிஞர்கள், வணிக நிறுவன நிர்வாகிகள். அளவுகோல் எதுவும் கொடுக்கவில்லை. உங்களுக்குத் தோன்றுகிறபடி ஒன்பது குவியல்களாகப் பிரியுங்கள், அவ்வளவுதான். 101 கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாக் குவியல்களிலும் விழுந்தன! ஒருவருக்கு ஆகச்சிறந்ததாகப் பட்ட கட்டுரை இன்னொருவருக்கு ஆகமோசம்.

வாசகர்கள் தாள்களில் எழுதிய குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஐந்து வாசிப்புப் போக்குகள் தெரிந்தன. கருத்து, வடிவம், எழுதியவரின் தனிமணம், இலக்கணப் பிழை, சொல்லாட்சி. கவனிக்க வேண்டியது இங்கேதான். இவை எழுத்தின் இயற்கைக் குணங்களாகக் கண்டெடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வாசகக் கூட்டம் இருந்தது. பின்னாளில் டீடரிக் 1974 நூலில் தரும் அளவுகோலில் இந்தப் போக்குகள் தனித்தனிக் கட்டங்களாகி உறைந்துவிட்டன. கருத்துக்கு 10 மார்க், கையெழுத்துக்கு 5. மனிதர்களுக்கு இடையே நடந்த சண்டை ஒரு தாளுக்குள் நடக்கும் கூட்டல் கணக்காக மாறியது. பிற்கால எழுத்து ரூப்ரிக்குகளில் இதன் சாயல் அழியாமல் இருக்கிறது.

அப்படியானால் அட்டவணையைக் கிழித்துப் போடலாமா? அவசரப்பட வேண்டாம். கறுப்பின ஆசிரியரான லிசா டெல்பிட் 1988இல் எழுப்பிய வாதம் இங்கே முக்கியம். அதிகாரத்துக்கென்று ஒரு பண்பாடும் விதிகளும் உண்டு. அந்தப் பண்பாட்டுக்குள் பிறந்த பிள்ளைக்கு அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே பிறந்த பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் அது கடைசிவரை இருட்டில்தான் துழாவும். எழுதப்படாத அளவுகோல் சுதந்திரம் அல்ல. அது வீட்டில் புத்தக அலமாரி உள்ளவனுக்கு மட்டும் கேட்கும் ரகசியம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிவப்பெழுத்தைச் சபைக்குக் காட்டுவது ஜனநாயகத்தின் முதல் படி.

முதல் படிதான். 2012இல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தபோது, பிள்ளையின் செயல்பாட்டை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி வகுப்பறைக்கே வந்து சேர்ந்தது. மேலிருந்து வரும் கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் அது இன்னொரு பதிவேடு, அவ்வளவே. எது நல்ல கட்டுரை, ஏன் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து வாதாடிக் கட்டம் போட்டால், போன ஆண்டு போட்ட கட்டத்தை இந்த ஆண்டுப் பிள்ளைகள் அடித்துத் திருத்த இடம் வைத்தால், புதைக்கப்பட்ட சண்டை மீண்டும் உயிர்பெறும்.

டீடரிக்கின் 53 வாசகர்களில் நிர்வாகி இருந்தார், வக்கீல் இருந்தார். அந்தக் கட்டுரைகளை எழுதிய மாணவர்களில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. இடம் கேட்க வேண்டியது அங்கேதான்.