குப்பைக் கூடைக்குப் போன களை விதைகள்

விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பிரிக்கவும் எண்ணவும்தான். மாதிரிப் பையில் வரும் நெல்லை வெள்ளைப் பலகையில் கொட்டி, இடுக்கியால் நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். சுத்தமான விதை, வேறு பயிர் விதை, களை விதை, கடைசியாகத் தூசும் பதரும். எடை போட்டுப் பதிவேட்டில் எழுதியதும் களை விதை குப்பைக் கூடைக்குப் போகும்.

ஆரம்பத்தில் எனக்கு அதைக் கொட்ட மனம் வரவில்லை. பெரும்பாலும் குதிரைவாலிப் புல். ஊசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்து, ஊர் பெயரும் வருடமும் எழுதி ஒட்டி, அதில் போட்டு வைத்தேன். எங்கள் மூத்த அலுவலர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நெல்லைச் சேர்த்து வெச்சாலும் ஒரு அர்த்தம் இருக்கு. களையைச் சேர்த்து என்ன பண்ணப் போறே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஏழெட்டு வருடம் சேர்ந்தது. மாற்றல் வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. சாமான் அதிகம் என்று நானே கொட்டிவிட்டேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அவர் கேட்ட கேள்விக்கான பதிலை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

களை விதையைச் சேர்த்து வைத்த பெரியவர் ஒருவர் எனக்கு நூறு வருடம் முன்பே இருந்திருக்கிறார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர். 1879-ல் 20 பாட்டில்களில் ஈர மணலோடு 21 வகை விதைகளை, வகைக்கு ஐம்பது வீதம் போட்டு, கல்லூரி வளாகத்தில் புதைத்தார். மண்ணுக்குள் களை விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பதே அவர் கேள்வி. முதலில் 5 வருடத்துக்கு ஒரு பாட்டில், பிறகு 10, இப்போது 20 வருடத்துக்கு ஒன்று என்று எடுக்கிறார்கள். வெளிச்சம் பட்டு விதை விழித்துவிடக் கூடாது என்பதற்காக இரவில் தோண்டுவார்கள். 2021-ல் எடுத்த பாட்டிலிலும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடி முளைத்தது. 141 வருடம்! இன்னும் நான்கு பாட்டில்கள் மண்ணுக்குள் இருக்கின்றன.

பீல் விதையின் ஆயுளைத்தான் பார்த்தார். பழைய விதையை வைத்து வேறொன்றையும் பார்க்கலாம் என்பது பிறகு வந்த யோசனை. நாம் எல்லோரும் "அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள்" என்று சொல்கிறோம். நிரூபிக்க வேண்டுமானால் தாத்தாவையும் பேரனையும் ஒரே வயதில், ஒரே மைதானத்தில் ஓடவிட வேண்டும். மனிதரில் நடக்காது. செடியில் நடக்கும். தாத்தா விதையாகத் தூங்கிக்கொண்டிருந்தால் போதும்.

கலிபோர்னியாவின் தென்பகுதியில் காட்டுக் கடுகை வைத்து அப்படிச் செய்தார்கள். அங்கே 2000 முதல் 2004 வரை மழை பொய்த்தது. 1997-ல் சேகரித்த விதை கையில் இருந்தது. 2004-ல் அதே இடங்களில் மறுபடி சேகரித்தார்கள். ஸ்டீவன் ஃபிராங்க்ஸ், ஷீனா சிம், ஆர்தர் வைஸ் ஆகிய மூவரும் இரண்டையும் ஒன்றாக விதைத்தார்கள். நேரடியாக ஒப்பிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் ஒரு தலைமுறை ஒரே மாதிரி வளர்த்து, அதில் கிடைத்த புது விதையைத்தான் சோதனைக்கு எடுத்தார்கள். ஒன்று பழைய விதை, இன்னொன்று புதியது என்ற வித்தியாசம் கணக்கைக் கெடுக்கக் கூடாது அல்லவா?

2007-ல் முடிவு வெளியானது. ஈரமான இடத்துச் செடிகளில், பிந்தைய தலைமுறை தன் முன்னோரைவிட 8.6 நாள் முன்னதாகப் பூத்தது. வறண்ட இடத்தில் வித்தியாசம் 1.9 நாள்தான். மழை சீக்கிரம் நின்றுபோனதால், தாமதமாகப் பூக்கும் செடி விதை கட்டுவதற்குள் காய்ந்தது. முந்திப் பூத்தது பிள்ளை பெற்றது. பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, ஏழு வருடம் என்பது தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பழைய விதை இருந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம் என்று தொடங்கியதுதான் 'புராஜெக்ட் பேஸ்லைன்'. அமெரிக்கா முழுவதும், இனியும் அழியாமல் இருக்கும் என்று நம்பத்தக்க இடங்களாகப் பார்த்து, காட்டுச் செடிகளின் விதையைச் சேர்த்தார்கள். 2016-ல் கொடுத்த கணக்குப்படி 61 இனங்கள், 831 இடத்துக் கூட்டங்கள், சுமார் 78,000 தாய்ச்செடிகள். ஒவ்வொரு தாயின் விதையும் தனித்தனி உறையில்! நாங்கள் மாதிரி எடுக்கும்போது மூட்டை மூட்டையாகக் குத்தி எடுத்துக் கலந்துவிடுவோம். எங்களுக்குச் சராசரிதான் வேண்டும். இவர்களுக்கோ எந்தத் தாயின் பிள்ளை என்பது முக்கியம். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், அரசாங்க விதைக் கிடங்கில், உலர்த்திக் குளிரில் வைத்திருக்கிறார்கள். அடுத்த 50 வருடத்தில் இடைவெளி விட்டு எடுத்து, அப்போதைய விதையோடு சேர்த்து விதைப்பார்கள். சேகரித்தவர்களில் பலர் முடிவைப் பார்க்க இருக்க மாட்டார்கள்.

குளிரும் உலர்வும் ஏன் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஹாரிங்டன் சொன்ன கணக்கு: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு. (மாங்கொட்டைக்கும் பலாக்கொட்டைக்கும் இது செல்லாது; காயவைத்தால் செத்துவிடும்.) இன்னொரு காரணமும் உண்டு. நூறில் நாற்பது செத்து அறுபது முளைத்தால், அந்த அறுபதை முன்னோர் என்று சொல்லிவிட முடியாது. செத்த நாற்பதும் வேறு குணம் உள்ளவையாக இருந்திருக்கலாம். ஒப்பீடே கோணலாகிவிடும்.

படிக்கும்போதெல்லாம் என் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. நாற்றுப் பருவத்தில் குதிரைவாலிப் புல்லை நெல்லிலிருந்து பிரிப்பது கஷ்டம். இலை தாளோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு நாக்கு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு உண்டு; புல்லுக்குக் கிடையாது. என் அம்மா அதைத் தடவிப் பார்த்தே களை எடுப்பாள். நெல் மாதிரி இல்லாத புல் கையில் சிக்கும், நெல் மாதிரி இருப்பது தப்பும். இப்படிக் களை பறித்த கைகளே புல்லுக்கு நெல் வேஷம் போட்டுவிட்டன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இன்று களைக்கொல்லி வந்துவிட்டது, பறிக்கிற கை குறைந்துவிட்டது. அந்த வேஷம் அப்படியே இருக்கிறதா, கலைகிறதா? என் குப்பிகள் இருந்திருந்தால் ஒரு வரிசை விதைத்துப் பார்த்திருக்கலாம்.

போன தை மாதம் பரண் சுத்தம் செய்தபோது, பழைய ஜாமெட்ரி பெட்டிக்குள் ஒரு குப்பி அகப்பட்டது. ஊர் பெயர் அழிந்துவிட்டது, '1983' மட்டும் தெரிந்தது. 52 விதைகள். முறையாக 400 வேண்டும். இருந்ததை ஈரத்தாளில் பரப்பி வைத்தேன். வீட்டுக்காரி, "இன்னும் ரிட்டயர் ஆகலையா நீங்க?" என்றாள். பதினான்காம் நாள் லென்ஸ் வைத்து எண்ணினேன். முளைத்தது பூஜ்யம். பழைய பழக்கம், டயரியில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.