கனரக வாகன ஓட்டுநர் உரிமம் பெறுவது எப்படி? வயது, பயிற்சி, தேர்வு: முழு விவரம்

புது டெல்லி: லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அனுபவமிக்க ஓட்டுநரின் அருகில் அமர்ந்து தொழில் பழகுவதே நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இதனால் கைப்பழக்கம் வரலாம். சட்டப்படியான தகுதி வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் (1988), மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) ஆகியவை கனரக வாகன ஓட்டுநருக்கெனத் தனிப் படிநிலைகளை வகுத்துள்ளன. இவற்றுள் ஒன்றைத் தவிர்த்தாலும் அதன் சுமை ஓட்டுநர் மீதும், வாகன உரிமையாளர் மீதும், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் மீதும் விழும்.

வயதும் கல்வித் தகுதியும்

கார் உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டு வாகனங்களை ஓட்ட 18 வயது போதுமானது. பொதுச் சாலையில் போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். மேலும், இலகுரக வாகன உரிமம் பெற்று குறைந்தது ஓராண்டு ஆகியிருந்தால் மட்டுமே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் வழங்கப்படும்.

போக்குவரத்து வாகன ஓட்டுநர்கள் 8-ம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி முன்பு நடைமுறையில் இருந்தது. படிப்பு இல்லாவிட்டாலும் ஓட்டும் திறன் பெற்ற பலரின் வேலைவாய்ப்பை இது தடுப்பதாகக் கருதப்பட்டதால், 2019-ம் ஆண்டில் அந்த விதி நீக்கப்பட்டது. கல்வித் தகுதி நீக்கப்பட்டாலும் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம் என்ற நிபந்தனை தொடர்கிறது.

எந்த வாகனத்துக்கு எந்த உரிமம்?

மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சிறிய சரக்கு வாகனங்களை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. மொத்த எடை என்பது வாகனத்தின் எடையும் அதில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்ததாகும். இந்த வரம்பைக் கடந்த லாரிகளுக்குப் போக்குவரத்து வாகன உரிமம் இன்றியமையாதது. அபாயகரமான பொருள்களை ஏற்றும் வாகனங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

மருத்துவச் சான்றும் பழகுநர் உரிமமும்

போக்குவரத்து வாகன உரிமத்துக்கு விண்ணப்பிப்போர், படிவம் 1ஏ-யில் பதிவு பெற்ற மருத்துவரின் சான்றைச் சமர்ப்பிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள வாகனப் பதிவெண்ணைப் படிக்க இயலுகிறதா என்பது உள்ளிட்டவை இதில் சோதிக்கப்படுகின்றன.

எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அதைப் பெற்று 30 நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வில் பங்கேற்க முடியும். இக்காலத்தில் உரிய உரிமம் பெற்ற பயிற்றுநர் அருகில் இல்லாமல் வாகனத்தை ஓட்டுவது விதிமீறலாகும்.

பயிற்சி எத்தனை மணி நேரம்?

உரிமம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நடுத்தர, கனரக வாகனங்களுக்கான பயிற்சி 30 நாள்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 15 மணி நேரம் பயிற்சி பெறுபவரே வாகனத்தை ஓட்டியிருக்க வேண்டும். நிறைவில் பள்ளி வழங்கும் படிவம் 5 சான்றிதழ் இல்லாமல் கனரக வாகன உரிமத்துக்கு விண்ணப்பிக்க இயலாது.

இதைவிட விரிவான பயிற்சிக்காக, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கனரக வாகனப் பயிற்சி மையத்துக்குக் குறைந்தது 2 ஏக்கர் நிலமும், சிமுலேட்டர் கருவியும், தேர்வுத் தடமும் இருக்க வேண்டும். இங்கு கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம் நடைபெறும். பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெறுவோருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடத்தப்படும் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

இவை தவிர, டெல்லியின் புராரி, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா ஆகிய இடங்களில் ஓட்டுநர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் இயங்குகின்றன. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், தமிழக அரசும் அசோக் லேலண்ட் நிறுவனமும் இணைந்து 1995-ல் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கின.

காரும் லாரியும் ஒன்றல்ல

கார் ஓட்டிப் பழகியவருக்கு லாரியில் முதலில் புதிதாகத் தெரிவது பிரேக். கனரக லாரிகளில் காற்றழுத்த பிரேக் பொருத்தப்பட்டுள்ளது. தொட்டியில் போதிய காற்றழுத்தம் ஏறியதை அளவுமானியில் உறுதி செய்த பின்னரே வண்டியை நகர்த்த வேண்டும்.

மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறி, இன்ஜினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. இன்ஜின் நின்றால் காற்றழுத்தம் மீண்டும் ஏறாது, ஸ்டியரிங்கும் கடினமாகிவிடும்.

திருப்பங்களில் முன்சக்கரம் செல்லும் பாதையைவிடப் பின்சக்கரம் உட்புறமாக வெட்டிச் செல்லும். அந்த இடைவெளியில் நிற்கும் இருசக்கர வாகன ஓட்டியும் பாதசாரியும் ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படாமல் போகக்கூடும். கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டுவதும், பின்னோக்கி நகர்த்துவதும் பயிற்சியில் மீண்டும் மீண்டும் பழக வேண்டியவை.

அபாயகரமான சரக்குகள்

பெட்ரோல், எரிவாயு, வேதிப்பொருள் போன்றவற்றை ஏற்றிச் செல்வோர் கூடுதலாக 3 நாள் சிறப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 8-வது அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் அவசியம்.

காலவரம்பும் அபராதமும்

2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்கும், அபாயகரமான சரக்கு வாகன உரிமம் 3 ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பிக்கத் தவறினால் மீண்டும் தேர்வு எழுதி, வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

உரிய உரிமமின்றி ஓட்டுபவருக்கு ரூ.5,000 வரையும், அவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்குத் தனியாக ரூ.5,000 வரையும் அபராதம் விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் இழப்பு இத்துடன் நிற்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை வழங்கிவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. உரிமம் குறித்த வழக்கு நீளும் வரை, பாதிக்கப்பட்ட குடும்பம் இழப்பீட்டுக்காகக் காத்திருக்க நேரிடும்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

பயிற்சிப் பள்ளியின் உரிமம் நடப்பில் உள்ளதா, கனரக வாகனப் பயிற்சிக்கு அனுமதி உள்ளதா, பயிற்சிக்கான லாரியில் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதி உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, அன்றைய தினம் எவ்வளவு நேரம் தாமே ஓட்டினோம் என்பதையும் தனியே குறித்துக்கொள்வது நல்லது. ஓட்டாத நேரத்துக்குப் பெறும் சான்றிதழால் உரிமம் கைக்கு வரலாம்; முழுச் சுமையுடன் மலைப்பாதையில் இறங்கும்போது அது துணை நிற்காது.