விரிவுரையாளரும் கணிப்பொறியும்: எழுத்துக் குறியீட்டு வரலாற்றில் ஒரு பகுதி

தமிழ்த் துறைகளில் கணிப்பொறி மெல்லவே நுழைந்தமைக்கு விரிவுரையாளர்களின் தயக்கமே காரணம் எனக் கூறுவதுண்டு. இக்கருத்து முழுமையானதன்று. அவர்கள் கையாண்ட பனுவலைக் கணிப்பொறி எவ்வாறு சேமித்தது என நோக்கின் வேறொரு காரணமும் புலப்படும்.

1991இல் வெளியான இஸ்கி தரம் இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒலிப்பு வரிசையில் சேமித்தது. ஆயினும் தமிழில் பெரிதும் பரவியவை தயாரிப்பாளருக்கொரு குறியீடு கொண்ட எழுத்துருக்களே. ஒரு துறையில் உள்ளிட்ட பாடக்குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு துறையில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியீடுகளைத் தரப்படுத்தியது. பரிமாற்றச் சிக்கல் ஓரளவு குறைந்தது. மொழியியல் சிக்கல் குறையவில்லை.

இக்குறியீடுகள் ஒலிப்பு வரிசையையன்றிக் கண்ணுக்குத் தெரியும் வரிவடிவத்தையே பின்பற்றின. மொழிபெயர்ப்பு வகுப்பில் 'நூல்' என்பது புத்தகத்தையும் இழையையும் குறிக்கும் இடங்களைத் தொகுத்துக் காட்ட ஓர் ஆசிரியர் விரும்பினார் எனக் கொள்வோம். டாம் குறியீட்டில் 'ல்' ஒரு குறி, 'லி' மற்றொரு குறி. 'லை' என்பதிலோ ஐகாரக் குறி லகரத்திற்கு முன்னரே பதிவாகும். ஆகவே 'நூல்', 'நூலில்', 'நூலை' ஆகிய மூன்றுக்கும் பொதுவான தொடக்கம் 'நூ' மட்டுமே. அதைக் கொண்டு தேடினால் 'நூறு', 'நூதனம்' முதலியனவும் வந்து குவியும். சொல்லடைவுக்கு இக்கருவி உதவாது என அவர் ஒதுக்கினால் அதைத் தயக்கம் எனல் பொருந்தாது.

யூனிகோடு இஸ்கியின் வழிவந்தது. அதில் புள்ளியும் உயிர்க்குறியும் மெய்யுருவின் பின்னரே சேமிக்கப்படுவதால், 'நூல' எனத் தேடினால் மூன்று வடிவங்களும் அகப்படும். புள்ளியற்ற மெய்யுரு அகரத்தோடு ஒலிக்கும் என்னும் தொல்காப்பியக் கொள்கைக்கு இஃது அயலன்று. ஆனால் ககரத்தைக் 'க்+அ' எனப் பகுக்கும் ஒலியனியலுக்கு நேரானதும் அன்று. உருபொலியனியல் கற்பிப்போர்க்கு இவ்விடர் இன்றும் உண்டு.

2010இல் தமிழக அரசு யூனிகோடையும் அதனோடு டேஸ்16 குறியீட்டையும் ஏற்றது. பழைய கோப்புகளை மாற்ற நிரல்கள் இருந்தன. எனினும் எந்த எழுத்துருவில் உள்ளிட்டது என்பதே மறந்துபோன பாடக்குறிப்புகளுக்கு, அச்சுப்படி எஞ்சியிருந்தால், அதைப் பார்த்து மீண்டும் உள்ளிடுவதே எளிய வழியாயிற்று.