வெள்ளை மாளிகையின் கடிதக் கட்டுகள்

ஆட்சி புரிந்தோரின் ஆணைகளையும் உரைகளையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவர்தம் இல்லத்திற்கு நாள்தோறும் வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்துப் படித்து, விடை எழுதி, அடுக்கி வைத்தவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை. அமெரிக்க அதிபரின் இல்லமாகிய வெள்ளை மாளிகையில் இப்பணிக்கெனவே ஒரு பதவி தோன்றி வளர்ந்தது. சமூகச் செயலாளர் என்பது அதன் பெயர்.

1901ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட, துணை அதிபராயிருந்த தியடோர் ரூசுவெல்ட் அப்பொறுப்பை ஏற்றார். ஆறு பிள்ளைகளோடு அம்மாளிகையில் குடிபுகுந்த அவர் துணைவியார் ஈடித், விருந்தழைப்புகளும் விண்ணப்பங்களும் வாழ்த்து மடல்களுமாகக் குவிந்தவற்றைத் தாமே கவனித்தல் இயலாதெனக் கண்டார். போர்த்துறையில் எழுத்தராய் இருந்தவரும், தலைநகரின் செல்வர் வீட்டுப் பெண்டிர்க்கு அழைப்பிதழ் எழுதிப் பழகியவருமான இசபெல்லா ஹேக்னர் என்னும் இளம்பெண்ணை அமர்த்திக் கொண்டார். இப்பதவிக்கென்று தனிச் சட்டமோ தனி ஒதுக்கீடோ அன்று இல்லை. போர்த்துறை எழுத்தர் என்ற பெயரிலேயே அவர் ஊதியம் பெற்றார். யாரை அழைப்பது, யாரை விடுவது, எந்தச் செய்தியை நாளிதழ்க்குத் தருவது என்பனவெல்லாம் அவர் கைவழியே நடந்தன. விருந்துப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அது அரசியலாகிவிடும் ஊர் அது. எனவே இதனை எழுத்தர் வேலை என்று மட்டும் எண்ணிவிடுதல் பொருந்தாது.

இல்லத்தின் கடிதங்களைக் கையாள்பவர் இல்லத்தின் உள்ளத்தையும் அறிந்தவராகி விடுகின்றார். இந்நெருக்கம் துன்பத்தில் முடிந்ததும் உண்டு. கடற்படைத் துறையின் துணைச் செயலராய் இருந்த பிராங்ளின் ரூசுவெல்ட்டின் துணைவியார் எலினார், 1914இல் லூசி மெர்சர் என்பவரைத் தம் சமூகச் செயலாளராக அமர்த்தினார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் கணவருக்கு லூசி எழுதிய காதல் மடல்கள் எலினாரின் கைக்கே கிட்டின. அக்குடும்ப வாழ்வு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆயினும் எலினார் கடிதங்களை வெறுத்தாரல்லர். தம் கணவர் அதிபரான 1933ஆம் ஆண்டில் ‘எனக்கு எழுதுங்கள்’ என்று மாத இதழ் வாயிலாக மக்களை அழைத்தார். அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 கடிதங்கள் அவருக்கு வந்தன. பொருளாதார வீழ்ச்சியில் வேலையும் வீடும் இழந்தோர் பலர் தம் குறைகளை அவற்றில் எழுதினர்.

இவையனைத்தையும் விஞ்சிய ஒரு கடிதப் பெருக்கு 1963இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் அதிபர் கென்னடியின் துணைவியார் ஜாக்குலினுக்குச் சமூகச் செயலாளராக வந்தவர் நான்சி டக்கர்மன். இருவரும் பள்ளித் தோழியர். பதவியேற்ற இரண்டே திங்களில் கென்னடியின் கைக்குழந்தை பேட்ரிக் இறந்தது. நவம்பர் 22ஆம் நாள் டல்லஸ் நகரில் அதிபரும் சுடப்பட்டு மாண்டார். விருந்துகளை ஏற்பாடு செய்யவென வந்த 35 வயதுப் பெண்மணி, ஒரு நாட்டின் ஒப்பாரியைப் பதிவு செய்யும் பொறுப்பில் நின்றார்.

ஏழு வாரங்களில் வந்த கடிதங்கள் ஏறத்தாழ 8,00,000. மொத்தத்தில் 15,00,000ஐ அவை எட்டின. மன்னர் எழுதினர், பள்ளிச் சிறுவரும் எழுதினர். கோட்டுத் தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதியோரும், இதற்குமுன் எவர்க்கும் இரங்கல் மடல் எழுதியறியாதோரும் இருந்தனர். வெள்ளை மாளிகைக்கு அருகிலிருந்த அரசு அலுவலகக் கட்டடத்தில் தன்னார்வத் தொண்டர் பலர் அமர்ந்து உறைகளைப் பிரித்தனர். டக்கர்மனும், செய்திச் செயலாளர் பமீலா டர்னூரும் அப்பணியை நடத்தினர். கைம்பெண்ணான ஜாக்குலினுக்கு ஓராண்டிற்கு அலுவலகமும் பணியாளரும் அளிக்க அமெரிக்கப் பேராயம் டிசம்பரில் சட்டம் இயற்றியது; அஞ்சல் கட்டணமும் இல்லையாக்கியது. நன்றி அட்டையைத் தாங்கிச் சென்ற கருங்கரையிட்ட உறைகளில், அஞ்சல்தலை இருக்க வேண்டிய இடத்தில் அவர் கையொப்பம் அச்சிடப்பட்டிருந்தது.

1964ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், கணவர் மறைவுக்குப் பின் முதன்முறையாக ஜாக்குலின் தொலைக்காட்சியில் தோன்றினார். வந்த மடல்கள் அனைத்திற்கும் விடை கிடைக்கும் என்றார். அவையெல்லாம் வருங்காலத் தலைமுறைக்காகப் பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் எழவிருக்கும் நூலகத்தில் வைத்துப் போற்றப்படும் என்றும் கூறினார். அவ்வாக்கு முழுமையாக நிறைவேறவில்லை. நூலகம் அவ்வாற்றங்கரையில் எழவில்லை; அந்நகரிலேயே கடலோரத்துக் கொலம்பியா முனையில் 1979இல் திறக்கப்பெற்றது. கடிதங்களும் முழுமையாக அங்குச் சென்று சேரவில்லை. இடம் போதாமையால் ஆவணக் காப்பாளர்கள் ஒரு மாதிரித் தொகுதியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு பெரும்பகுதியை அழித்துவிட்டனர். எஞ்சியவை ஏறத்தாழ 2,00,000 பக்கங்கள்.

காப்பகத்தார் செயலைக் குறை கூறுதல் எளிது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தல் எந்தக் காப்பகத்திற்கும் இயலாது என்பதும் உண்மையே. எனினும், பெயர்பெற்றோர் மடல்கள் பேணப்பட, பெயரறியாதோர் மடல்களில் மாதிரிக்குச் சில மட்டும் வைக்கப்பட்டன என்னும்போது நெஞ்சு சற்றே உறுத்துகின்றது. அரசர்களின் இரங்கலைச் செய்தித்தாளிலும் காணலாம். உழவர் ஒருவரோ துணி வெளுப்பவர் ஒருவரோ அன்றிரவு எழுதியதற்கு வேறு படி ஏது?

டக்கர்மன் இதன்பின்னும் ஜாக்குலினை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் ஜாக்குலின் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய நிறுவனத்திலும் உடனிருந்தார். 1994இல் தோழியின் கொடிய நோயைப் பற்றிச் செய்தியாளரிடம் பேசியவரும் அவரே. தம் நெருக்கத்தை விலைப்பொருளாக்கித் தன்வரலாறு எதுவும் அவர் எழுதவில்லை. 2018இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

எஞ்சிய மடல்கள் நெடுங்காலம் எவராலும் பெரிதும் நாடப்படாமல் பெட்டிகளிலேயே கிடந்தன. நியூ ஹாம்ப்சயர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் எலன் பிட்சுபேட்ரிக் அவற்றுள் ஏறத்தாழ 15,000 மடல்களைப் படித்து, 250ஐத் தேர்ந்து 2010இல் நூலாக வெளியிட்டார். கடிதம் எழுதியவருக்கே உரியது என்பதால், அம்மடல்களை எழுதியவர்களையோ அவர்தம் வழித்தோன்றல்களையோ தேடிச் சென்று இசைவு பெற வேண்டியிருந்தது. தாம் சிறுவயதில் எழுதியது இன்னும் அழியாதிருக்கின்றது என்பதை அவ்வாறுதான் சிலர் அறிந்துகொண்டனர்.