பவானிபூர் என்னும் பெயரும் கணினியின் எழுத்து வழுக்களும்

1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் கொல்கத்தாவில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. தொலைவு 3.4 கிலோமீட்டர், நிலையங்கள் ஐந்து. பிற்காலத்தில் பவானிபூர் நிலையம் நேதாஜி பவன் எனப் பெயர் மாறியது. பலகையில் உள்ள பெயரை மாற்ற வண்ணமும் தூரிகையும் போதும். பலகையைப் பொறுத்தவரை பெயர் என்பது ஓர் ஓவியம். கணினியிலோ பெயர் என்பது எண்களின் வரிசை. அந்த எண்களை இன்ன எழுத்தாக வாசிக்க வேண்டும் என்னும் உடன்பாடு இருந்தால்தான் பெயர் பெயராகத் தெரியும். மேசைக்கணினிச் செயலிகளிலும் இணையச் செயலிகளிலும் இந்திய மொழிகளுக்கு நேரும் வழுக்களில் பெரும்பகுதி இந்த உடன்பாடு முறியும் இடத்தில் பிறப்பவை. அவற்றின் வரலாற்றை அறியாமல் அவற்றைத் திருத்த முனைவது பல வேளைகளில் மூலத்தையே அழித்துவிடுகிறது. பவானிபூர் என்னும் ஒரே பெயரைப் பின்தொடர்ந்தாலே இதை விளங்கிக்கொள்ளலாம்.

கொல்கத்தாவிற்குக் கணினி வந்தபோது இச்சிக்கல் எழவில்லை. நகரின் வடவெல்லையில் பாராநகரில் அமைந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955-56 காலத்தில் ஹெச்.இ.சி.-2எம் என்னும் பிரித்தானியக் கணினி நிறுவப்பட்டது. இந்தியாவில் இயங்கிய முதல் மின்னணு இலக்கக் கணினி அதுவே. அதன் பணி எண்களைக் கணக்கிடுவது. 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி தரம் 128 இடங்களை வரையறுத்தது. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் நிறுத்தக்குறிகளும் கட்டுப்பாட்டுக் குறிகளும் அவற்றை நிரப்பின. வங்காளத்திற்கோ தமிழுக்கோ அங்கு இடமில்லை. எட்டு பிட் கணினிகளில் எஞ்சியிருந்த மேல் 128 இடங்களே இந்திய மொழிகள் குடியேறத்தக்க நிலமாயின. அந்நிலத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதில் தொடங்கியது வேறுபாடு.

இந்திய அரசின் வழி இஸ்கி எனப்பட்டது. 1988இல் ஒரு வடிவமும், 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமும் வெளிவந்தன. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் யாவும் ஒலிமுறையில் ஒத்தவை என்பதால், 'க' என்னும் ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே எண் தரப்பட்டது. எழுத்து வடிவத்தை மட்டும் மாற்றினால் ஒரு மொழியின் பெயர் இன்னொரு மொழியின் எழுத்தில் தோன்றும். ரயில் பயணியர் பட்டியல், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்கு இது பெரிய வசதியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இஸ்கி வரிசையைப் பின்பற்றி இந்திய மொழிகளுக்கு இணையான கட்டங்களை ஒதுக்கியது. வங்காளக் கட்டம் 2432ஆம் எண்ணிலும் தமிழ்க் கட்டம் 2944ஆம் எண்ணிலும் தொடங்குகின்றன. இடைவெளி 512. ஆகவே வங்காளக் குறியீட்டுடன் 512ஐக் கூட்டினால் தமிழ் எழுத்து கிடைத்துவிடும் என்று புதிய நிரலர் எவருக்கும் தோன்றும். பவானிபூரில் இதைச் சோதித்தால் விளைவு தெரியும். வங்காளத்தில் இப்பெயர் எட்டுக் குறிகளைக் கொண்டது: மூச்சொலி சேர்ந்த அதிர்வுப் 'ப', அதிர்வுப் 'ப', ஆ-காரக் குறி, ந, ஈ-காரக் குறி, ப, உ-காரக் குறி, ர. முதல் இரண்டுக்கும் நேரான தமிழ் இடங்கள் வெற்றிடங்கள். அங்கு எந்த எழுத்தும் இல்லை. எனவே இரண்டு காலிப் பெட்டிகளும், பற்றுக்கோடற்ற ஓர் ஆ-காரக் குறியும், அதன்பின் 'நீபுர' என்பதும் திரையில் வரும். வெற்றிடங்களில் தமிழ்ப் பகரத்தை இட்டு நிரப்பினாலும் கிடைப்பது 'பபாநீபுர'. வங்காளிகள் இறுதி ரகரத்தை மெய்யாக ஒலித்தாலும் அதற்குப் புள்ளி போன்ற குறியை எழுதுவதில்லை. தமிழில் புள்ளியின்றி மெய் இல்லை. வங்காளத்தில் பகரமாக ஒலிப்பது தமிழ் வழக்கில் வகரம்; அங்கு நெடிலாக எழுதும் ஈகாரம் இங்குக் குறில்; அங்குக் குறிலாக எழுதும் உகரம் இங்கு நெடில். கட்டங்கள் இணையாக இருப்பது எழுத்துமரபுகள் இணையாக இருப்பதாகாது. பவானிபூருக்குத் தெற்கே லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு 'பபாநீபுர' என்பது தம் ஊரின் பெயரன்று.

தமிழ்க் கணிமையாளர்கள் வேறொரு வழியில் சென்றனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த மாநாடுகள் குறியேற்றத்தைப் பொதுவாக்க முயன்றன. மின்னஞ்சல் குழுவொன்றின் நெடிய விவாதத்தில் திஸ்கி உருவானது. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை ஒலிகளுக்கு அல்லாமல் அச்சு வடிவங்களுக்கு எண் தந்தவை. திஸ்கியில் பவானிபூர் ஏழு பைட்டுகளில் அடங்கும்: ப, வ, கால், ன, இகரக் கொம்பு, பூ, ர். 'பூ', 'ர்' ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருந்ததால், சிக்கலான எழுத்துக் கோப்பு நுட்பம் இல்லாத எளிய கணினியிலும் எழுத்துரு ஒன்றை நிறுவிக்கொண்டால் பெயர் செவ்வையாகத் தெரிந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற முடிந்தது இந்த எளிமையாலேயே.

அந்த எளிமைக்குரிய விலை பின்னால் தெரிந்தது. 2001 ஜனவரி 1 முதல் நகரின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயரும் 'கொல்கத்தா' ஆயிற்று. தமிழில் 'கல்கத்தா' என்று எழுதிவந்த இடத்தில் 'கொ' நுழைந்தது. திஸ்கியில் இப்பெயர் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல், ஓர் எண்ணுக்கு ஈடாக இன்னோர் எண்ணை வைப்பதோடு நின்றால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சொல்லின் தொடக்கமாயின் தனித்து நிற்கும். 'கல்கத்தா' என்னும் சொல்லைக் கொண்டு சோதிக்கப்பட்ட மாற்றி தேர்ச்சி பெற்றுவிடும். 'கொல்கத்தா' வந்தவுடன் தோற்கும். சோதனைச் சொற்களில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்மெய்கள் இடம்பெற வேண்டும் என்னும் பாடம் இதிலிருந்து கிடைப்பது. மாற்றியபின் இன்னொரு நுட்பமும் எஞ்சும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். முதல் வழியில் கொல்கத்தா ஒன்பது குறிகள், இரண்டாம் வழியில் பத்து. கண்ணுக்கு வேறுபாடில்லை, தேடுபொறிக்கு இவை இருவேறு சொற்கள். ஒருங்குறியின் இயல்பாக்க முறையை உள்ளீட்டின்போதே பயன்படுத்தினால் இச்சிக்கல் தீரும்.

எல்லா இரட்டை வடிவங்களும் இயல்பாக்கத்திற்கு வசப்படுவதில்லை. 2005இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பு வங்காளத்தின் கண்ட-த எழுத்துக்குத் தனி இடம் தந்தது. 'உத்சவ்' போன்ற அன்றாடச் சொற்களில் வரும் இவ்வெழுத்து அதுவரை தகரம், ஹசந்தக் குறி, இணைப்பான் என மூன்று குறிகளால் எழுதப்பட்டது. அதே பதிப்பில் தமிழுக்கு 'ஶ' சேர்ந்தது. அதுவரை ஸகரத்தைக் கொண்டு எழுதிய 'ஸ்ரீ' இனி ஶகரத்தைக் கொண்டும் எழுதப்படலாயிற்று. திரையில் இரண்டும் ஒன்றே. 2005க்கு முன் தட்டச்சிட்ட திருவிழா மலரும் பின்னர்த் தட்டச்சிட்டதும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால், ஒரு தேடலில் ஒரு பாதி மட்டுமே கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஆய்வாளர் தரவு இல்லை என்று எண்ணி அதையே முடிவாக எழுதிவிடக்கூடும். இத்தகைய இணைகளை நிரலரே பட்டியலிட்டு ஒன்றாக்க வேண்டும்.

திரையில் தெரியும் குறை எப்போதும் தரவின் குறையாகாது என்பதற்கு விண்டோஸ் வரலாறு நல்ல சான்று. விண்டோஸ் 2000 தமிழுக்கும் தேவநாகரிக்கும் ஒருங்குறி ஆதரவுடன் வந்தது. வங்காளத்திற்கு அது 2004இல் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் சேவைத் தொகுப்புடனேயே கிட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில், வங்காளமே பெருவழக்காக உள்ள பவானிபூரில், புதிய கணினியொன்றில் ஒருங்குறியில் எழுதிய ஊர்ப்பெயர் தமிழில் தெளிவாகவும் வங்காளத்தில் வெறும் பெட்டிகளாகவும் தெரிந்திருக்கும். இரண்டிலும் எண்கள் சரியானவையே. குறை எழுத்துருவிலும் எழுத்துக் கோப்பு நுட்பத்திலும் இருந்தது. அந்நிலையில் கோப்பைத் திருத்தப் புகுந்தவர் சரியாக இருந்ததைக் கெடுத்திருப்பார்.

ஆகவே நோய்நாடல் அறிகுறிகளைப் பிரித்தறிவதில் தொடங்குகிறது. பெட்டிகள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை. தரவு நலமாக உள்ளது. பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் தரவு பெரும்பாலும் உள்ளது, தவறான குறியேற்றத்தில் வாசிக்கப்படுகிறது. இதில் பைட்டுகளே சாட்சி சொல்லும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; முதல் இரண்டு 224, 174 அல்லது 224, 175. வங்காளமாயின் 224, 166 அல்லது 224, 167. இவ்வரிசை மூன்று பைட்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு யு.டி.எஃப்.-8; செயலியிடம் அதை அறிவித்தால் போதும். வராவிடில் திஸ்கி, டேப், பாமினி போன்ற பழைய குறியேற்றங்களுள் ஒன்றா என ஆராய வேண்டும். மூன்றாவது அறிகுறி கேள்விக்குறிகளின் வரிசை. இதுவே கொடியது. எங்கோ ஒரு செயலி தனக்குத் தெரியாத எழுத்துகளுக்கு ஈடாகக் கேள்விக்குறியை எழுதிச் சேமித்துவிட்டது. எல்லா எழுத்துக்கும் அதே ஒற்றை எண். மீட்க எதுவும் இல்லை.

இணையப் படிவங்களில் நேரும் இன்னொரு வழு நீளத்தைப் பற்றியது. பவானிபூர் தமிழ் இலக்கணத்தின்படி ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறிகள். யு.டி.எஃப்.-8இல் 27 பைட்டுகள். ஜாவாஸ்கிரிப்ட் இதன் நீளத்தை 9 என்னும். பைட்டுகளை எண்ணும் பி.எச்.பி. செயற்கூறு 27 என்னும். ஐந்து என்று சொல்ல, எழுத்துக் கொத்துகளை அறியும் நிரல் தேவை. வங்காள வடிவம் எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். வங்காளப் பெயரை அளந்து 24 பைட்டு இடம் ஒதுக்கிய தரவுத்தளம் தமிழ் வடிவத்தை ஏற்கும்போது இறுதி மூன்று பைட்டுகளை வெட்டிவிட்டால், போவது புள்ளி. எஞ்சுவது 'பவானிபூர'. இதையும் செயலி பிழையென்று காட்டாது; தட்டச்சர் புள்ளி வைக்க மறந்தார் என்றே பார்ப்போர் எண்ணுவர்.

2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி ஆதரவு போதாத இடங்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. அதனால் புதிய எழுத்துகளின் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பழையவை அப்படியே கிடக்கின்றன. 1990களின் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் தமிழில் தட்டச்சான ஆய்வேடுகள், சிற்றிதழ்கள், இணைய இதழ்கள், புலம்பெயர்ந்தோர் மடல்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்று எந்தக் கணினியிலும் இயல்பாகத் திறவாத எழுத்துருக்களில் உள்ளன. ஓலைச்சுவடி நூற்றாண்டுகளைத் தாங்கியது. இக்கோப்புகள் இருபது ஆண்டுகளிலேயே வாசிப்பாரை இழந்துவிட்டன. இவற்றுக்கு நேரக்கூடிய பேரிழப்பு செல்லரிப்பால் அன்று. ஒரு கோப்பைத் திறந்து, குப்பையெழுத்தைக் கண்டு, சரிசெய்வதாக எண்ணிச் சேமிக்கும் ஒரு நொடியில் அது நிகழும்.

ஆதலால் ஆய்வு மாணவர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய கோப்பைத் திறக்கும் முன் படியெடுத்து மூலத்தைத் தொடாது வைத்தல். அதனுடன் பயன்பட்ட எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்தல். பைட்டுகளைப் பார்த்தபின் குறியேற்றத்தின் பெயரை எழுதிவைத்தல். மாற்றியபின் ஊர்ப்பெயர், ஆட்பெயர் போன்றவற்றை மூல அச்சுடன் ஒப்பிடுதல். இப்பணிக்குப் பெருங்கணினி வேண்டுவதில்லை. ஒரு புதிய செயலியைச் சோதிக்க 'பவானிபூர், கொல்கத்தா' என்னும் முகவரியைத் தமிழிலும் வங்காளத்திலும் உள்ளிட்டு, சேமித்து, தேடி, அச்சிட்டுப் பார்த்தாலே மேற்கூறிய வழுக்களில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும்.