ஜெட் ஸ்கீ டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ட்யூனிங்

ஓரிருவர் ஏறி ஓட்டும் ஜெட் ஸ்கீ வகை நீர்வாகனங்களின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைத் திருத்தியமைத்துக் கூடுதல் குதிரைத்திறன் பெறும் தொழில்நுட்பம். 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் பிறந்த நுட்பங்களே இதன் அடிப்படை. ஆனால் தண்ணீர் தரும் சுமையும் குளிர்ச்சியும் அவற்றைத் தனித் துறையாக மாற்றின. 1990களில் உச்சம் தொட்ட இத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் சுருங்கி, இன்று முக்கியமாகப் பந்தயத்திலும் சாகச ஓட்டத்திலும் நிலைத்திருக்கிறது.

முன்வரலாறு

கிராங்க் அறையையே பம்பாகப் பயன்படுத்தும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1891-இல் உருவாக்கினார். இதில் சிலிண்டர் சுவரில் வெட்டிய போர்ட்டுகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புதிய கலவை உள்ளே வரும்போது புகை வெளியேறும் போர்ட்டும் திறந்திருப்பதால், பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறிவிடும்.

இந்த இழப்பை வலிமையாக மாற்றியவர், கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன். 1950களில் அவர் செம்மைப்படுத்திய எக்ஸ்பான்ஷன் சேம்பர், முதலில் விரிந்து பின்பு குறுகும் புகைக்குழாய். அதன் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே வந்த கலவையைப் போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்கே தள்ளிவிடும். 1961-இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு அவரது பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் அணியை விட்டுத் தப்பிச் சுசுகியில் சேர்ந்தார். நுட்பமும் அவருடன் ஜப்பானுக்குப் போனது. 1962-இல் சுசுகிக்காக அவர் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். 1973-இல் கார்டன் ஜென்னிங்ஸ் எழுதிய கையேடு, குழாய் நீளம், போர்ட் திறப்பு ஆகியவற்றின் கணக்கைச் சாதாரணப் பட்டறைகளுக்கும் கொண்டுசேர்த்தது.

நீருக்கு வந்த எஞ்சின்

அரிசோனாவைச் சேர்ந்த மோட்டோகிராஸ் வீரர் கிளேட்டன் ஜேக்கப்சன் 1960களில் ஜெட் ஸ்கீ வகை நீர்வாகனத்தை வடிவமைத்தார். பம்பார்டியர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட முதல் சீ-டூ வெற்றி பெறவில்லை. கவாசாகி 1973-இல், நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கீயை 400 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினுடன் கொண்டுவந்தது. 440, 550, 650 சிசி வண்டிகள் அதைத் தொடர்ந்தன. போட்டிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஜே.எஸ்.பி.ஏ. அமைப்பு 1982-இல் தோன்றியது. அரிசோனாவின் லேக் ஹவாசு அதன் உலக இறுதிப் போட்டிக்குப் பேர்பெற்றது. பந்தயம் பெருக, சைலன்சர், சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர் விற்கும் தனி நிறுவனங்களும் பெருகின.

தண்ணீரின் சுமை

ஜெட் ஸ்கீயில் கியர் கிடையாது. எஞ்சின் நேரடியாக ஜெட் பம்பின் இம்பெல்லரைச் சுழற்றுகிறது. பம்பு கேட்கும் திறன் சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுவதால், 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு ஏறத்தாழ 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். எனவே எந்தச் சுழற்சி வேகத்தில் திறன் பிறக்கிறதோ, அதற்கேற்ற பிட்ச் (இறகுச் சரிவு) உள்ள இம்பெல்லர் பொருத்தாவிட்டால் எஞ்சினில் செய்த வேலை பயன்தராது. அலையில் வண்டி எகிறும்போது பம்பு காற்றை விழுங்கும். சுமை அறுந்து எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். அதைத் தடுக்கும் வரம்பு இக்னிஷனில் வைக்கப்படுகிறது.

ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ எடுக்கும் நீரே எஞ்சினைக் குளிர்விக்கிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய்க்குள்ளும் பாய்ச்சப்படும். வாயு குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். திரும்பும் அலையும் தாமதிக்கும். ஆகவே ஒரே குழாய், நீர் பாயும்போது குறைந்த சுழற்சிக்கும், நீரைக் குறைத்துச் சூடேற்றும்போது அதிகச் சுழற்சிக்கும் பொருந்தும். குழாயின் நீளத்தை மாற்றாமல் அலையின் நேரத்தை மாற்றும் இம்முறையே ஜெட் ஸ்கீ ட்யூனிங்கின் தனிச்சிறப்பு.

பட்டறை முறைகள்

வழக்கமான முதல் திருத்தம் புகைக்குழாய். அடுத்து ஹெட்டைக் கடைந்து அழுத்த விகிதத்தை உயர்த்துவர். அளவு மீறினால் சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டும். புகைப் போர்ட்டின் மேல்விளிம்பை உயர்த்தினால் அதிகச் சுழற்சியில் திறன் கூடும். தொடக்க இழுவை குறையும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பதும், ரீட் வால்வை மாற்றுவதும், கனமான ஃப்ளைவீலை இலகுவாக்குவதும் பரவலாயின. பழைய 550 உடலுக்குள் 650 அல்லது 750 சிசி எஞ்சினைப் பொருத்துவது தனி மரபாயிற்று.

இவற்றில் ஆபத்தானது ஜெட்டிங், அதாவது கார்புரேட்டர் தரும் பெட்ரோலின் அளவைச் சரிசெய்வது. ஜெட் ஸ்கீ முழு த்ராட்டிலில் நிமிடக்கணக்கில் ஓடும். கலவையில் பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் சற்றுக் குறைந்தாலும் பிஸ்டன் உருகும் அல்லது சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

தொழிற்சாலைப் போட்டியும் மாசு விதிகளும்

1990களில் பட்டறை நுட்பங்கள் தொழிற்சாலை வண்டிகளுக்கே வந்தன. போர்ட் உயரத்தைச் சுழற்சிக்கேற்ப மாற்றும் வால்வைச் சீ-டூவின் ரோட்டாக்ஸ் எஞ்சின்களும், பின்னர் 2000-இல் வந்த யமஹா ஜிபி1200ஆர் வண்டியும் ஏற்றன. தொடக்கத்தில் இழுவை, உச்சத்தில் வேகம் இரண்டையும் அது தந்தது. 2003-இல் வந்த யமஹா ஜிபி1300ஆர் 170 குதிரைத்திறனை எட்டியது.

ஆனால் எரியாத பெட்ரோல் நீரில் கலப்பது நிற்கவில்லை. அலை திரும்பும் நேரம் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில்தான் பொருந்தும்; மற்ற வேகங்களில் கசிவு தொடரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் விதித்த ஆணைப்படி, இவ்வகை எஞ்சின்களின் ஹைட்ரோகார்பன் வெளியேற்றம் 2006-க்குள் 75 சதவீதம் குறைய வேண்டியிருந்தது. 1999 ஜூனில் டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீகள் தடைசெய்யப்பட்டன. போர்ட் மூடும் தறுவாயில் பெட்ரோலைச் செலுத்தும் நேரடி இன்ஜெக்ஷன் வந்தும், 2002-இல் யமஹா, சீ-டூ, ஹோண்டா மூன்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளை வெளியிட்டன. சந்தை அப்பக்கம் சாய்ந்தது.

இன்றைய நிலை

யமஹா சூப்பர் ஜெட்டின் 701 சிசி டூ-ஸ்ட்ரோக் வடிவம் 2020 வரை நீடித்தது. 2021-இல் அது ஃபோர்-ஸ்ட்ரோக் ஆனது. காற்றில் குட்டிக்கரணம் போடும் சாகச ஓட்டத்திலிருந்து டூ-ஸ்ட்ரோக் விலகவில்லை. காரணம் எடை. டூ-ஸ்ட்ரோக் சூப்பர் ஜெட் 139 கிலோ. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுடன் 2017-இல் வந்த கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் ஏறத்தாழ 250 கிலோ. எனவே சாகச ஓட்டக்காரர்கள் பெரிய சிலிண்டரும் நீண்ட ஸ்ட்ரோக் கிராங்கும் சேர்த்து 1,000 சிசி வரை பெருக்கிய இரட்டை சிலிண்டர் எஞ்சின்களை இலகுவான கார்பன் இழை உடல்களில் பொருத்துகின்றனர். அவர்களுக்கு வேண்டியது உச்ச வேகம் அன்று, த்ராட்டிலை அழுத்தியதும் எழும் இழுவை. ஆகவே ட்யூனிங்கின் இலக்கும் ஏரியின் நேர்கோட்டு ஓட்டத்துக்கான அதிகச் சுழற்சியிலிருந்து குறைந்த சுழற்சியின் முறுக்குவிசைக்கு இடம்பெயர்ந்துள்ளது.