1809-ஆம் ஆண்டுக் கலகமும் ஆளுநர் பார்லோவும்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியை நம் வாசகர் நன்கறிவர். அதன் விளைவாகச் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கு 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால், வேலூருக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் அதே சென்னைப் படையில் எழுந்த மற்றொரு கலகம் அத்துணை அறியப்படவில்லை. இம்முறை கலகஞ் செய்தோர் சிப்பாய்களல்லர். அவர்களை நடத்திய ஆங்கிலேய அதிகாரிகளே. அப்படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடம், திருமுடிவாக்கத்திற்கு அணித்தேயுள்ள பரங்கிமலையாகும். ஆதலின் இப்பகுதியினர்க்கு இது அயலார் கதையன்று.

1807 இறுதியில் ஆளுநராக வந்த சர் ஜார்ஜ் பார்லோ செலவைக் குறைப்பதில் உறுதியானவர். பிறர் கருத்துக்குச் செவிசாய்ப்பதோ அவர் இயல்பன்று. கூடாரங்களைப் பேணுவதற்கென இந்தியப் படைப்பிரிவுகளின் தலைவர்கள் அமைதிக் காலத்திலும் மாதந்தோறும் ஒரு படி பெற்று வந்தனர். 1808-இல் அது நிறுத்தப்பட்டது. அதற்கு அடிப்படையான அறிக்கையை எழுதிய ஜான் மன்றோ தங்கள் நேர்மையைப் பழித்துவிட்டார் என அதிகாரிகள் கொதித்தனர். ஆளுநர் அவையில் இடம் அளிக்கப்படாமையால் முன்னமே மனங்கசந்திருந்த படைத்தலைவர் மக்டவல், மன்றோவைக் காவலில் வைத்தார். பார்லோ அவரை விடுவித்தார். மக்டவல் 1809 ஜனவரியில் கண்டன ஆணை ஒன்றை விட்டுவிட்டுக் கப்பலேறினார். அக்கப்பல் தாயகம் சேரவில்லை.

அவ்வாணையை வெளியிடத் துணைநின்ற அதிகாரிகளையும், மே 1 அன்று வேறு பலரையும் பார்லோ பதவியினின்று நிறுத்தினார். ஆளுநரின் மெய்க்காவற்படைத் தலைவரும் அவருள் ஒருவர். விளைவோ நேர்மாறாயிற்று. மசூலிப்பட்டணத்தில் அதிகாரிகள் தம் தளபதியையே சிறைவைத்தனர். ஐதராபாத்திலும் ஜால்னாவிலும் எதிர்ப்பு மூண்டது. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை அரசின் கைவிட்டுப் போயிற்று. கீழ்ப்படிவதாக உறுதிமொழி எழுதித் தருமாறு ஜூலை இறுதியில் பார்லோ ஆணையிட்டபோது, தொடக்கத்தில் கையொப்பமிட்டோர் மிகச் சிலரே.

அப்பொழுது அவர், இப்பூசல் அதிகாரிகளுடையதே என்று சிப்பாய்களுக்கு நேரே அறிவித்தார். அதிகாரிகளின் துணிவு தளர்ந்தது. ஆயினும் ஆகஸ்டில், சித்திரதுர்க்கத்திலிருந்து தம் அதிகாரிகளைப் பின்பற்றி ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி வந்த சிப்பாய்கள், அரசரின் குதிரைப்படையாலும் மைசூர்க் குதிரைவீரராலும் தாக்குண்டு பலர் மடிந்தனர். கூடாரப் படியில் ஒரு காசும் அவர்களுக்கு உரியதன்று.

செப்டம்பரில் தலைமை ஆளுநர் மிண்டோ பிரபு சென்னைக்கு வந்து, ஒரு சிலரை மட்டும் தண்டித்து, ஏனையோரை மன்னித்தார். கலகம் அடங்கிற்று, பார்லோ வென்றார் என்றே தோன்றியது. எனினும் 1812-இல் அவரும் திரும்ப அழைக்கப்பட்டார்.

அதிகாரிகளின் குறை பெரிதும் தன்னலம் சார்ந்தது. படியை நிறுத்தியதும் முறைகேடன்று. ஆனால் குறைகூறலையே குற்றமாகக் கொண்ட ஆட்சிக்குத் தண்டனையன்றி வேறு கருவி எஞ்சவில்லை. எழுதி வாங்கிய கீழ்ப்படிதல் நம்பிக்கைக்கு ஈடாகாது. நாட்டிலாயினும் சபையிலாயினும் தலைமை ஏற்போர் இதனோடு மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் தகும்: மேலோர் இருவரின் பிடிவாதத்திற்கு விலை கொடுத்தவர், அவ்வழக்கில் பங்கே இல்லாத எளியவர்.